வாக்கிங் மட்டும் போதாது: 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கால் சுதாரிப்புப் பயிற்சி – முழுமையான வழிகாட்டி

தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறவரும் குளியலறை வாசலில் வழுக்கி விழத்தான் செய்கிறார். காரணம் எளிது. வாக்கிங்கில் உடம்பு நேராக, ஒரே வேகத்தில், முன்னோக்கியே போகிறது. ஆனால் ஆட்கள் விழுவது அடுப்படியில் சட்டென்று திரும்பும்போது, எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடும்போது, நிலைப்படியில் கால் இடறும்போது, டவுன் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போடும்போது. அந்த ஒரு நொடிக்குள் எந்தக் காலைத் தூக்குவது, எந்தப் பக்கம் ஊன்றுவது என்று உடம்பு முடிவெடுத்து, காலையும் வைத்துவிட வேண்டும். அதற்கான பழக்கம் வாக்கிங்கில் கிடைப்பதில்லை.

தசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வயதாகும்போது எல்லா இழைகளும் ஒரே மாதிரி மெலிவதில்லை. வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. 65 முதல் 89 வயதுவரை உள்ளவர்களிடம் பிரிட்டனில் செய்து 1994-ல் வெளியான ஆய்வில், தசையின் வலு ஆண்டுக்கு 1–2% குறைகிறது என்றும், வலுவை வேகமாக வெளிப்படுத்தும் திறன் சுமார் 3.5% குறைகிறது என்றும் கண்டார்கள். மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறக்கூடியவர்கூட, தடுமாறும்போது காலை எட்டி வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) அறிக்கை, உடற்பயிற்சி செய்கிறவர்கள் விழும் எண்ணிக்கை 23% குறைகிறது என்கிறது. பேலன்ஸ் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தால் 34%. வெறும் நடைப்பயிற்சியால் பலன் உண்டா என்றால், உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. வாக்கிங்கை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. இதயத்துக்கும் சுகருக்கும் அது வேண்டும். வாரத்தில் மூன்று நாள் கீழே வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது பேலன்ஸும் வலுவும் கலந்த பயிற்சி வேண்டும் என்றே சொல்கிறது.

மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

கடந்த ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் விழுந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர்கள், சமீபத்தில் மூட்டு, கண் அல்லது இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பக்கவாதம் அல்லது பார்க்கின்சன் இருப்பவர்கள் முதலில் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்த்துவிடுங்கள். எலும்புத் தேய்மானத்தால் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டவர்கள் முன்னால் வளையும் அசைவுகளையும் இடுப்பை முறுக்கும் அசைவுகளையும் விட்டுவிட வேண்டும்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து பிபி பாருங்கள். எழுந்து நின்று 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தடுமாற்றத்துக்கு ரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். மாத்திரையையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்கலாம். கால் பயிற்சியால் மட்டும் அது சரியாகாது. பயிற்சி நாளன்று ஓய்வாக இருக்கும்போதே பிபி 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். இன்சுலினோ, சுகரைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

எங்கே நிற்கிறோம் என்று அளந்து பார்ப்பது

மூன்று சோதனைகள் போதும். உடன் ஒருவர் நிற்க வேண்டும். செல்போன் ஸ்டாப்வாட்ச் வேண்டும். முடிவைத் தேதியோடு காலண்டரிலேயே எழுதி வையுங்கள்.

முதலாவது, 30 நொடி எழுந்து உட்காருதல். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, முழுதாக எழுந்து முழுதாக உட்கார வேண்டும். 30 நொடியில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். 65–69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70–74-ல் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. 75–79-ல் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. இதற்குக் கீழே என்றால் கால் வலு குறைவு. கையை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் கணக்கு 0.

இரண்டாவது, எழுந்து நடந்து திரும்புதல். நாற்காலியிலிருந்து 3 மீட்டரில் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் திரும்பும் விதத்தையும் கவனியுங்கள். சுவரைத் தேடிக் கை போகிறதா, கால்கள் பின்னுகின்றனவா, திரும்புவதற்கு முன் ஒரு கணம் நின்றுவிடுகிறாரா என்பதில்தான் உண்மையான தகவல் இருக்கிறது.

மூன்றாவது, நிற்கும் சோதனை. முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 நொடி. அடுத்து ஒரு பாதத்தின் உட்பக்க வளைவு மற்றதன் பெருவிரலைத் தொடும்படி 10 நொடி. பிறகு ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் 10 நொடி. கடைசியாக ஒற்றைக் காலில் 10 நொடி. மூன்றாவது நிலையை 10 நொடி தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் கீழே வரும் கட்டப் பயிற்சிக்கு அவசரப்பட வேண்டாம். அடித்தளப் பயிற்சியிலேயே ஆறு வாரம் இருங்கள்.

இடமும் பொருள்களும்

மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் போதும். ஒரு பக்கம் சுவரோ, சமையல் மேடையோ, ஜன்னல் கம்பியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிமானத்துக்கு வைக்காதீர்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையில் அது நகரும், எடை ஒரு பக்கம் சாய்ந்தால் கால் மடங்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கால்மிதி, பாய், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தரை துடைத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் கால் வைக்கும்போது பாதம் செருப்பை விட்டு வெளியே வந்துவிடும். வெறும் சாக்ஸும் கூடாது. பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருப்பவர்கள் காய்ந்த தரையில் வெறுங்காலோடு செய்யலாம். சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பின்பக்கம் மூடிய, அடிப்பாகம் மெல்லியதாகவும் கெட்டியாகவும் உள்ள ஷூ வேண்டும். மெத்தென்ற ஸ்பாஞ்ச் அடிப்பாகம் சொகுசாக இருக்கும், ஆனால் தரை காலுக்குத் தெரியாமல் போய்விடும்.

புடவையைக் கணுக்கால் தெரியும்படி தூக்கிச் செருகுங்கள். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். நைட்டியின் ஓரம் பின்னால் கால் வைக்கும்போது மிதிபடும். இரண்டு பவர் உள்ள கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் தரையைப் பார்த்தால் மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடித்தளம்: 1 முதல் 4 வாரம்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25–30 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் இருந்த இடத்திலேயே நடை, தோள் சுழற்றல், கணுக்கால் சுழற்றல். பிறகு நான்கு பயிற்சிகள்.

நாற்காலி எழுச்சி. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, ஒரே நொடியில் விசையோடு எழுங்கள். உட்காருவதற்கு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். எழும் வேகம்தான் இதில் மருந்து. மெதுவாக எழுந்து தொப்பென்று உட்காருவது பலரும் செய்யும் தவறு. 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. முடியாதவர்கள் இருக்கையில் ஒரு கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரங்கள் போகப் போக அதை எடுத்துவிடலாம். முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தொடுமானால் தொடை நடுவே ஒரு சின்னத் தலையணையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

குதிகால் தூக்கல், விரல் தூக்கல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 10 முறை உயர்த்தி இறக்குங்கள். பிறகு குதிகாலில் நின்று பாதத்தின் முன்பகுதியை 10 முறை. பலர் இரண்டாவதைச் சின்னது என்று விட்டுவிடுவார்கள். நிலைப்படியில் விரல் தட்டாமல் காலைத் தூக்கித் தருவது கணுக்காலின் அந்த முன்தசைதான்.

பக்கவாட்டில் கால் தூக்கல். உடம்பு சாயாமல், கால்விரல் நேராகப் பார்த்திருக்க, ஒவ்வொரு காலும் 10 முறை. பெரும்பாலும் பக்கவாட்டில் விழுகிறபோதுதான் இடுப்பெலும்பு முறிகிறது. அந்தப் பக்கம் காலை வலுவாக ஊன்ற இடுப்பின் பக்கத் தசை வேண்டும்.

நேர்கோட்டு நிலையும் நடையும். சோதனையில் எந்த நிலை கடினமாக இருந்ததோ அதிலேயே நில்லுங்கள். முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல், கடைசியில் கை மேடைக்கு மேலே ஒரு அங்குல உயரத்தில். இந்தப் படிகளைத் தாண்டாமல் மாதக்கணக்கில் மேடையை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றால் பேலன்ஸ் வளராது. கொஞ்சம் ஆட வேண்டும். ஆடும்போது கணுக்காலே சரிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டத்தில் கால் வைத்தல்: 5 முதல் 8 வாரம்

இந்தத் திட்டத்தின் மையம் இதுதான். ஜப்பானில் முதியோருக்காகவே உருவாக்கிய சதுர அடிப் பயிற்சி ஒன்று உண்டு. 100 செ.மீ. அகலமும் 250 செ.மீ. நீளமும் உள்ள விரிப்பில் 25 செ.மீ. சதுரங்கள், குறுக்கே 4, நெடுக 10, மொத்தம் 40. கோட்டை மிதிக்காமல், சொன்ன வரிசையில் கால் வைத்துப் போக வேண்டும். அந்நாட்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நடைப்பயிற்சி மட்டும் செய்த குழுவைவிட இதைச் செய்தவர்களின் கால் திறன்கள் கூடுதலாக மேம்பட்டிருந்தன.

விரிப்பு வாங்க வேண்டியதில்லை. சிமென்ட் தரை என்றால் சாக்பீஸ். பாண்டி ஆடிய தலைமுறைக்குக் கட்டம் போடச் சொல்லித்தர வேண்டுமா என்ன! இரண்டடி டைல்ஸ் என்றால் வேலை இன்னும் குறைவு: ஒவ்வொரு டைல்ஸின் நடுவிலும் நெடுக்கும் குறுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டினால் 30 செ.மீ. கட்டம் கிடைத்துவிடும். நீளம் போதாவிட்டால் 6 வரிசை போதும். டேப்பின் ஓரம் எழும்பியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ஒரு பாண்டி விதி மட்டும் இங்கே கிடையாது: நொண்டி அடிக்கக் கூடாது. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும்போதுதான் மற்றது எழ வேண்டும்.

இடமிருந்து வலமாகக் கட்டங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்: இடது கால் 2-ல், வலது கால் 3-ல். இரண்டும் ஒரே வரிசையில் சேர்ந்த பிறகு அடுத்த வரிசை. இப்படியே கடைசிவரை.

விரிதல்–சேர்தல்: முதல் வரிசையில் 2, 3. அடுத்த வரிசையில் இடது கால் 1-க்கும் வலது கால் 4-க்கும் விரியட்டும். அதற்கடுத்ததில் மறுபடி 2, 3. குட்டையானவர்களுக்கு 4 எட்டாது. ஒரு காலை மட்டும் விரித்தால் போதும்.

நண்டு நடை: முகம் முன்னோக்கியே இருக்கட்டும். இடது கால் 1, வலது கால் 2. வலது 3-க்கு, இடது 2-க்கு. வலது 4-க்கு, இடது 3-க்கு. அடுத்த வரிசைக்கு ஏறி, அதே மாதிரி இடப்பக்கம் திரும்பி வாருங்கள்.

இரண்டு முன்னே, ஒன்று பின்னே: நேர் வரிசையில் இரண்டு வரிசை ஏறி ஒரு வரிசை பின்வாங்குங்கள். பின்னால் வைக்கும்போது விரல் முதலில், குதிகால் பிறகு. உடம்பு பின்னால் சாயாமல் இடுப்பிலிருந்து கால் போக வேண்டும்.

குறுக்குத் தாண்டல்: இடது 3, வலது 4. வலது கால் இடது காலுக்கு முன்னால் குறுக்காகப் போய் அடுத்த வரிசையின் 2-ல். இடது அதே வரிசையின் 1-ல். பிறகு இடது கால் முன்னால் குறுக்கிட்டு அடுத்த வரிசையின் 3-ல், வலது 4-ல். இதை ஏழாவது வாரத்துக்கு முன் தொட வேண்டாம். முதல் சில நாள் உடன் ஒருவர் முழங்கையைத் தாங்கியபடி வர வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. கால் குறுக்கே போவதால் மூட்டு விலகலாம்.

ஒரு நாளைக்கு இந்த அடி வரிசைகளில் (நேர், நண்டு நடை போன்றவை) இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொன்றும் 4 முதல் 6 முறை, 15 நிமிடம். இதற்கு முன் நாற்காலி எழுச்சியையும் குதிகால் தூக்கலையும் ஒரு சுற்று செய்துவிடுங்கள். ஒரு வரிசையை நான்கு முறை தொடர்ந்து கோடு மிதிக்காமல் முடித்தால்தான் வேகம் கூட்டலாம். வேகத்துக்கு உடன் இருப்பவர் கைதட்டித் தாளம் போடுவது எளிது. கோடு மிதிபடத் தொடங்கினால் தாளத்தைக் குறையுங்கள். அப்போதும் கோடு மிதிபட்டால் கட்டம் சிறியதாயிருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அடுத்த பயிற்சி நாளில், களைப்பு வருவதற்கு முன் முதல் வரிசையிலேயே கோடு மிதிபடுகிறதா என்று பாருங்கள்.

குனிந்து பாதத்தையே பார்ப்பது தவிர்க்க முடியாத தொடக்கத் தவறு. அடுத்த இரண்டு வரிசைக்கு அப்பால் பார்வை இருக்கட்டும்.

திரும்புதலும் எதிர்பாராமையும்: 9 முதல் 12 வாரம்

கட்டத்தில் அடுத்த அடி எங்கே என்று முன்பே தெரியும். தெருவில் தெரியாது. அதனால் கடைசி மாதத்தில் கட்டளை வெளியிலிருந்து வர வேண்டும்.

கடிகார அடி: நடுவில் நில்லுங்கள், முன்னால் 12, வலப்பக்கம் 3, பின்னால் 6, இடப்பக்கம் 9. உடன் இருப்பவர் எண்ணை மாற்றி மாற்றிச் சொல்ல, 3-க்கு வலது காலும் 9-க்கு இடது காலும் மற்றவற்றுக்கு ஏதாவது ஒரு காலும் எட்டி வைத்து, எடையை அந்தக் காலில் முழுதாக இறக்கி, நடுவுக்குத் திரும்ப வேண்டும். விரல் நுனியால் தொட்டுவிட்டு வருவது கணக்கில் சேராது. 30 நொடி செய்து 30 நொடி ஓய்வு, நான்கு சுற்று.

எட்டு நடை: ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கனமான நாற்காலிகள். அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் நடந்து, உடன் இருப்பவர் ‘திரும்பு’ என்றதும் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒற்றைப் பாதத்தை ஊன்றிச் சுழலாதீர்கள்; நான்கைந்து சின்ன அடிகளாகத் திரும்புங்கள், முதலில் பார்வை, பிறகு தலை, பிறகு கால். தலைசுற்றினால் நின்று, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். படுக்கையில் புரண்டாலும் அப்படிச் சுற்றுகிறதென்றால் காது–மூக்கு–தொண்டை மருத்துவரிடம் போங்கள். உட்காதுக் கோளாறாக இருக்கலாம்.

தடை தாண்டல்: வெறும் செருப்புப் பெட்டிகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாக வைத்துத் தாண்டுங்கள். செங்கல்லும் புத்தகமும் வேண்டாம். கால் பட்டால் நகர்ந்து கொடுக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

பேச்சோடு நடை: கட்டத்தில் போகும்போதே 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லுங்கள், அல்லது காய்கறிப் பெயர்களை அடுக்குங்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் நடப்பதை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று 1997-லேயே காட்டியது. மனமும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யப் பழக வேண்டும். எண் தப்பினால் பரவாயில்லை, கால் தப்பக் கூடாது.

இடையில் வரும் சிக்கல்கள்

முதல் இரண்டு வாரம் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி இருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்கால் மூட்டு வலி வேறு. மறுநாள் காலையும் அது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், வேக எழுச்சியை ஒரு வாரம் நிறுத்துங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடராதீர்கள்.

மூச்சை அடக்குவது பிபியை ஏற்றும். எழும்போது வாய்விட்டு எண்ணினால் அடக்க முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், தூக்க மாத்திரை போட்ட மறுநாள் அதிகாலையிலும் செய்யாதீர்கள். நெஞ்சு அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்தல் வந்தால் உடனே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

தசை வளரப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ எடைக்கு 60–72 கிராம். காலையில் இரண்டு இட்லி, ராத்திரியில் கஞ்சி என்று இருப்பவர்களுக்கு இதில் பாதி வருவதே கஷ்டம். முட்டை, மீன், தயிர், சுண்டல், பருப்பு ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்க வேண்டும்.

விழுந்தால் எழுவது

இதையும் பாயில் படுத்துப் பயிற்சி செய்யுங்கள். விழுந்ததும் எழ முயலாமல் ஒரு நிமிடம் கிடந்து, எங்கே வலிக்கிறதென்று பாருங்கள். இடுப்பில் கடும் வலியோ, ஒரு கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நாற்காலிவரை தவழ்ந்து, இரு கைகளையும் இருக்கையில் வையுங்கள். வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையாலும் காலாலும் ஒன்றாக அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். முழங்கால் ஒத்துழைக்கும்வரை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும் பழக்கத்தை விடாமல் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையாக இருக்காது.

12 வாரத்துக்குப் பிறகு

மூன்று சோதனைகளையும் அதே நாற்காலியில், அதே ஷூவோடு அல்லது வெறுங்காலோடு, அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். எழுந்து உட்காரும் எண்ணிக்கை கூடி, நடந்து திரும்பும் நேரம் மட்டும் குறையாவிட்டால் சிக்கல் வலுவில் இல்லை, திரும்புவதில்; எட்டு நடையைக் கூட்டுங்கள். இரண்டுமே மாறாவிட்டால் கண்புரை, காது, பாத உணர்ச்சி, மாத்திரைப் பட்டியல் என்று நான்கையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்; தூக்க மாத்திரையைக் குறைத்தே தடுமாற்றம் குறைந்துவிடுவதும் உண்டு, ஆனால் அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

முன்னேற்றம் தெரிந்தவர்கள் வாரம் மூன்று நாளை விடாமல், கட்ட வரிசைகளை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மனப்பாடமான வரிசை காலுக்குப் பயிற்சி தராது. காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று இரண்டு வாரம் விடுபட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், ஒரு வாரம் அடித்தளப் பயிற்சி செய்து, ‘நேர்’ வரிசையிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விடுபட்டிருந்தால் முதலில் நிற்கும் சோதனை.